உங்களுக்காக யாரோ கவசம் படிச்சுக்கிட்டு இருக்காங்க

ஓம் சரவணபவ!



இந்தக் கிருத்திகைக்கு வள்ளி திருமணம் பத்தி எழுதலாம்னுதான் இருந்தேன். ஆனா ஒரு தங்கை கேட்ட கேள்வி மனசுல உட்கார்ந்துடுச்சு. அதை அப்படியே சொல்றேன்.

"அண்ணா, எங்க அம்மாவுக்காக 48 நாள் சண்முக கவசம் படிச்சோம். தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாரும் சேர்ந்து படிச்சாங்க. ஆனாலும் அம்மா போயிட்டாங்க. முருகனுக்குக் கேக்கலையா? இல்ல, நாங்க படிச்சதுல ஏதாவது குறை இருந்துச்சா?"

இந்தக் கேள்வி அந்தத் தங்கையோடது மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்து போன்ல கவசம் கேட்டுக்கிட்டே இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளுக்குள்ள இருக்கிற கேள்வி. வெளியில கேட்டா சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயந்து நிறைய பேர் கேக்கிறது இல்லை. தைரியமா கேளுங்க. முருகன் அப்பாவுக்கே பாடம் சொன்ன சாமி. நம்ம கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். படிச்சதுல குறை எதுவும் இல்லை. ஒரு எழுத்து மாறிப் போனதுக்காக ஒரு தாயைக் கொண்டு போற சாமி இல்லை நம்ம சாமி. அந்த பாரத்தை இப்பவே இறக்கி வெச்சிடுங்க. மீதியை மெதுவா பேசுவோம்.

*1923: சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்*

சண்முக கவசம் பாடினது பாம்பன் சுவாமிகள். 1891ல பாடினது. உயிர் எழுத்து 12, மெய்யெழுத்து 18, ஆக மொத்தம் 30 எழுத்துக்கு 30 பாட்டு. 'அ'வுல ஆரம்பிச்சு 'ன'வுல முடியும். உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பையும் முருகன்கிட்ட ஒப்படைக்கிற பாட்டு.

இந்தக் கவசத்தைப் பாடின மகானுக்கே ஒரு நாள் அடிபட்டது. 1923 டிசம்பர் 27. சென்னை தம்பு செட்டித் தெருவுல நடந்து போய்க்கிட்டு இருந்தார். ஒரு குதிரை வண்டி மோதி, சக்கரம் இடது கால் மேல ஏறிடுச்சு. கணுக்கால் எலும்பு முறிஞ்சு போச்சு. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அப்போ அவருக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. உப்பு, புளி, காரம் எல்லாத்தையும் விட்டு எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. இந்த வயசுல, இந்த உடம்புல எலும்பு கூடறது கஷ்டம்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க.

இங்க கொஞ்சம் நில்லுங்க. கவசம் பாடினவருக்கே கால் முறியுதுன்னா, கவசம்னா என்ன அர்த்தம்? அடியே படாதுங்கிற அர்த்தமா இருக்க முடியாது. கவசத்தை வீட்டுல உட்கார்ந்திருக்கிறவன் போட மாட்டான். போருக்குப் போறவன்தான் போடுவான். அடி விழற இடத்துக்குப் போகும்போதுதான் அது வேணும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கவசத்தை ஒருத்தன் தானே முழுசா மாட்டிக்க முடியாது. முதுகுப் பக்கத்து வாரை இழுத்துக் கட்ட இன்னொரு கை வேணும்.

பாம்பன் சுவாமிகளுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது தெரியுமா? அவரோட சீடர் சின்னசாமி ஜோதிடர். குரு கட்டில்ல படுத்திருக்கார்னு கேட்டதும், குரு பாடின அதே சண்முக கவசத்தை எடுத்து, குருவுக்காக உருகி உருகிப் படிச்சார். முறிஞ்ச எலும்பை முருகனோட வேல் வந்து தாங்கிப் பிடிக்கிற மாதிரி அவருக்குக் காட்சி கிடைச்சதுன்னு சுவாமிகளோட சரித்திரம் சொல்லுது. கட்டில்ல படுத்திருந்த சுவாமிகளுக்குப் பதினோராம் நாள், 1924 ஜனவரி 6ம் தேதி, வானத்துல மயில்கள் ஆடி வர காட்சி கிடைச்சது. கால் கூடிடுச்சு. அந்த நாளைத்தான் இன்னிக்கும் மயூர வாகன சேவன விழான்னு திருவான்மியூர்ல வருஷா வருஷம் மார்கழியில கொண்டாடுறாங்க.

மயில் காட்சியை எல்லாரும் சொல்லுவாங்க. அடியேனுக்கு மயிலை விட அந்த ஜோதிடர் மேலதான் கண்ணு நிக்குது. அவர் டாக்டர் இல்லை. அவரால எலும்பைக் கூட்ட முடியாது. கையில இருந்தது 30 பாட்டு. யாருகிட்ட இருந்து அந்தப் பாட்டு வந்ததோ, அவருக்கே திருப்பிக் கொடுத்தார். எல்லாருக்கும் கவசம் பாடிக் கொடுத்த மகானுக்கும் படுக்கையில விழுந்த அன்னிக்கு இன்னொருத்தர் குரல் வேண்டியிருந்தது. அப்படின்னா நமக்கு வேண்டாமா? "நான் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன், என் கஷ்டம் என்னோட போகட்டும்"னு வாயை மூடிக்கிற தம்பிங்க இதை யோசிக்கணும்.

*ஆற்றுப்படை: நம்ம ஊர்ச் சொத்து*

ஜோதிடர் செஞ்சது திடீர்னு வந்த பழக்கம் இல்லை. கஷ்டத்துல நிக்கிறவனுக்கு, அதே வழியில முன்னாடி போனவன் துணை நிக்கிறதுக்குத் தமிழ்ல ரொம்பப் பழைய பேரே இருக்கு. ஆற்றுப்படை.

பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்ற ஒருத்தன், வழியில பசியோட நிக்கிற இன்னொருத்தனைப் பார்த்து, "நான் இங்க போனேன், எனக்குக் கிடைச்சது. நீயும் போ, வழி இப்படி"ன்னு சொல்றதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டுல முதல் பாட்டு நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படை. கடைசிப் பாட்டு மலைபடுகடாம். அதுக்கும் கூத்தராற்றுப்படைன்னு இன்னொரு பேர் உண்டு. பாடினவர் பெருங்கௌசிகனார்.

மலைபடுகடாம் யாரைப் பாடுது? நன்னனை. நன்னனோட ஊர் எது? செங்கண்மா. அதாவது நம்ம செங்கம்! ஜவ்வாது மலையில பிறந்து நம்ம ஊர் வழியா ஓடுதே செய்யாறு, அந்தச் சேயாறும் அந்தப் பாட்டுல வருது. சேய்னா குழந்தை. சேய்னா முருகன். அம்பிகை பூஜைக்குத் தண்ணி கேட்டப்போ முருகன் வேலை எறிஞ்சு உண்டாக்கின ஆறுன்னு இந்தப் பக்கத்துல பெரியவங்க சொல்லுவாங்க. அந்த ஆத்தங்கரையில பிறந்தவன்ங்கிற உரிமையில சொல்றேன், ஆற்றுப்படை நம்ம ஊர்ச் சொத்து.

மலைபடுகடாத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது தெரியுமா? நன்னன் எவ்வளவு பெரிய வள்ளல்னு மட்டும் சொல்லிட்டு விட்டிருக்கலாம். ஆனா புலவர் அப்படி விடல. வழியில இருக்கிற ஆபத்தை எல்லாம் ஒண்ணு விடாம சொல்றார். இங்க குழி இருக்கும், இங்க பாம்பு இருக்கும், இந்தப் பாறை வழுக்கும், தினைப்புனம் காக்கிறவங்க எறியற கவண்கல் வரும், பார்த்துப் போங்கன்னு சொல்றார். எந்த ஊர்ல யார் சோறு போடுவாங்க, என்ன போடுவாங்கன்னும் சொல்றார். வழி சுலபம்னு ஒரு இடத்துலயும் பொய் சொல்லல. வழி கஷ்டம்தான், ஆனா நான் போய்ட்டு வந்திருக்கேன், நீயும் போகலாம்னு சொல்றார்.

இதுதாங்க ஆறுதல். இன்னிக்குக் கவுன்சிலிங்னு நாம சொல்றதுக்கு நல்ல தமிழ்ல ஆற்றுப்படுத்துதல்னு எழுதுறாங்க. பேர் பொருத்தமா அமைஞ்சு போச்சு.

*வெளியே வந்தது ஆயிரம் பேர்*

திருமுருகாற்றுப்படை பிறந்த கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திருப்பரங்குன்றத்துல ஒரு பூதம் 999 பேரைப் பிடிச்சுக் குகையில அடைச்சு வெச்சிருந்தது. ஆயிரம் பேர் சேர்ந்ததும் விழுங்கிடணும்னு அதோட கணக்கு. ஆயிரமாவது ஆளா மாட்டினவர் நக்கீரர். குகைக்குள்ள இருந்து அவர் முருகனைப் பாடினார். வேல் வந்து குகையைப் பிளந்தது. நக்கீரர் வெளியே வந்தார்னு சொல்லிட்டு நாம கதையை முடிச்சிடுறோம். இல்லை. வெளியே வந்தது ஆயிரம் பேர்!

அந்த 999 பேருக்கும் பாடத் தெரியாது. பயத்துல வாயே திறந்திருக்க மாட்டாங்க. சில பேர் நம்பிக்கையைக் கூட விட்டிருப்பாங்க. வேல் வந்தப்போ "நீ பாடினியா, நீ பாடலையா"ன்னு கணக்குப் பார்க்கல. ஒருத்தர் பாடினார், எல்லாருக்கும் கதவு திறந்தது.

நோய்னு வந்துட்டா மனுஷனுக்குச் சாமி கும்பிடக் கூட முடியாத நாள் வரும். வலியில, மருந்து மயக்கத்துல, துக்கத்துல வாய் வராது. 'எனக்குப் பக்தி குறைஞ்சு போச்சே'ன்னு அதுக்கும் ஒரு வருத்தம் சேர்ந்துக்கும். வருத்தப்படாதீங்க. அன்னிக்கு நீங்க 999ல ஒருத்தர். உங்களுக்காகப் பாட ஒரு நக்கீரர் இருப்பார். நாளைக்கு வேற ஒருத்தர் குகையில இருப்பார். அன்னிக்கு நீங்க நக்கீரர். அடியார் கூட்டம்னு ஒண்ணு இருக்கிறதே இந்த முறை மாத்திக்கத்தான்.

கந்தன்ங்கிற பேருக்கே அர்த்தம் இதுதான். சரவணப் பொய்கையில ஆறு குழந்தையா பிறந்தான். ஆறு கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்து வளர்த்தாங்க. அம்பிகை வந்து ஆறு பேரையும் ஒண்ணா அள்ளி அணைச்சா. ஆறும் ஒரே உருவம் ஆச்சு. அப்படி ஒண்ணு சேர்ந்ததால கந்தன்னு பேர் வந்ததுன்னு கந்தபுராணம் சொல்லுது. தனித்தனியா கிடந்ததை ஒண்ணு சேர்க்கிற அணைப்புதான் அவனோட பேர். பெத்தவள் வேற, பால் கொடுத்தவங்க வேற. அந்த ஆறு பேருக்கும் நன்றியாத்தான் கார்த்திகை நட்சத்திரத்துல நாம விரதம் இருக்கோம். ரத்த சொந்தம் இல்லாதவங்க வந்து தாங்கறதை முருகன் தன் பிறப்புலயே வெச்சிருக்கான்.

2020 மார்ச்ல கோயில் எல்லாம் மூடினப்போ இதை நாம கண்ணால பார்த்தோம். பெரிய கோயில்கள் திறக்க செப்டம்பர் ஆச்சு. அந்த ஆறு மாசமும் அவங்கவங்க வீட்டுல இருந்தபடி போன்லயே ஒரே நேரத்துல கவசம் படிச்சவங்க எத்தனை பேர்! முகம் தெரியாது, ஊர் தெரியாது. "எங்க தெருவுல ரெண்டு பேருக்குக் கொரோனா, பயமா இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா, பத்து ஊர்ல விளக்கு எரிஞ்சது.

*கவசம் படிச்சும் போனவங்க*

இப்போ அந்தத் தங்கையோட கேள்விக்கு வர்றேன். இதுக்கு அடியேனோட வீட்டுக் கதையைச் சொல்லாம பதில் சொல்ல முடியாது.

எங்க அப்பாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் செயல் இழந்து போச்சு. வாரம் 3 நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு 4 மணி நேரம். செங்கத்துல இருந்து திருவண்ணாமலை சுமார் 35 கிலோமீட்டர். காலையில முதல் பஸ் பிடிச்சா, சாயங்காலம் வீடு திரும்பும்போது அப்பாவால பேசக் கூட முடியாது. முதல் வாரம் நாங்க பயந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. டயாலிசிஸ் முடிஞ்சு அப்படியே துவண்டு விழுந்தார். ஏதோ ஆகிப்போச்சுன்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி நம்ம அடியார்கள் கிட்ட பிரார்த்தனைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல மலை மேல ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பினாங்க. அவங்க வீட்டுல சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஏறி வந்து பேசினாங்க, காத்துச் சத்தம் கேட்டது. "தம்பி, எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு வருஷம் இதே வைத்தியம்தான். முடிஞ்ச அன்னிக்கு அசதியா இருக்கும், பயந்துக்காதீங்க. மறுநாள் கொஞ்சம் தெளிவார். ஊசி போடற கையில பிரஷர் பார்க்க விடாதீங்க, அந்தக் கையில வெயிட் தூக்க வேணாம், அந்தப் பக்கம் சாஞ்சு தூங்க வேணாம். டாக்டர் எவ்வளவு தண்ணி சொல்றாரோ அளந்து வெச்சுக் கொடுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? இல்லன்னா நாளைக்கே எழுதிக் கொடுங்க. நான் ஆறு மணிக்கு அப்பா பேரைச் சொல்லி விளக்கு ஏத்துறேன்."

கேட்டீங்களா? இங்க குழி இருக்கு, இந்தப் பாறை வழுக்கும், இந்த வீட்டுல சோறு கிடைக்கும். மலைபடுகடாம் அப்படியே! அந்த அக்கா பத்துப்பாட்டு படிச்சவங்களான்னு தெரியாது. ஆனா அன்னிக்கு ஜவ்வாது மலை மேல இருந்து எனக்கு ஆற்றுப்படை பாடினாங்க. அவங்க வீட்டுக்காரர் அதுக்கு முந்தின வருஷமே காலமாயிட்டார்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு நிமிஷம் கூட அதை எங்ககிட்ட சொல்லிப் பயமுறுத்தல.

அன்னியில இருந்து 14 மாசம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது ஒருத்தர் சண்முக கவசம் படிப்பாங்க. மலேசியாவுல இருந்து ஒரு தம்பி படிப்பான், உடுமலைப்பேட்டையில இருந்து ஒரு பாட்டி படிப்பாங்க. அப்பா போனை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுக் கேப்பார். "இன்னிக்கு யார்டா படிக்கிறது?"ன்னு கேப்பார். அந்தப் பாட்டி குரல்னா அவருக்கு இஷ்டம்.

ஒரு தை மாசம் அப்பா போயிட்டார். வெள்ளிக்கிழமை விடியக்காலையில.

அப்போ அந்த 14 மாசப் பாராயணமும் வீணா? அன்னிக்கு எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. யோசிச்சுப் பார்த்தேன். கவசம் இல்லாம இருந்திருந்தா அப்பா அந்த 14 மாசத்தையும் நோயாளியா மட்டும் கழிச்சிருப்பார். மெஷின், ஊசி, ரத்த ரிப்போர்ட், அவ்வளவுதான். ஆனா அவர் தினமும் ஆறு மணிக்காகக் காத்திருந்தார். முகம் தெரியாத ஊர்ல தன் பேரைச் சொல்லி ஒரு விளக்கு எரியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தூங்கினார். பயந்து போகல. தனியா போகல. உடம்பைக் காப்பாத்தினாத்தான் கவசம்னா, யாருக்குமே கவசம் இல்லை. ஏன்னா எல்லா உடம்பும் ஒரு நாள் போகத்தான் போகுது. பாம்பன் சுவாமிகளுக்குக் கால் கூடிச்சு, உண்மை. அதுக்கப்புறம் 1929 மே 30ல அவரும் திருவான்மியூர்ல சமாதி அடைஞ்சார். மயில் வந்த அன்னிக்கும் முருகன் கூட இருந்தான். உடம்பை விட்ட அன்னிக்கும் கூட இருந்தான்.

தங்கச்சி, உங்க அம்மாவுக்காக நீங்க படிச்ச 48 நாளும் உங்க அம்மா காதுல விழுந்திருக்கு. அது போதும்னு நான் சொல்லல. அம்மா இல்லாத வீட்டுக்கு எதுவுமே போதாது. ஆனா அது வீண் இல்லை.

*திலகவதியார் காட்டின வழி*

இழப்புல இருக்கிறவங்க கேக்கிற அடுத்த கேள்வி, "சரி, நான் இனிமே எதுக்கு இருக்கணும்?"

இதுக்குப் பதில் பெரிய புராணத்துல இருக்கு. பண்ருட்டிக்குப் பக்கத்துல திருவாமூர். புகழனார் காலமாயிட்டார். மனைவி மாதினியாரும் அவர் பின்னாடியே போயிட்டாங்க. மகள் திலகவதியாருக்கு நிச்சயம் பண்ணியிருந்த கலிப்பகையார் போர்க்களத்துல மாண்டு போனார். அப்பா, அம்மா, கட்டிக்கப் போறவர்னு வரிசையா மூணு சாவு. வேற யாரும் இல்லை, சின்னத் தம்பி ஒருத்தன்தான். தானும் உயிரை விட்டுடணும்னு அந்தப் பெண் முடிவு பண்ணிட்டாங்க. தம்பி கால்ல விழுந்து அழுதான். "அம்மாவும் அப்பாவும் போனப்புறம் உன்னைத்தான் நம்பியிருக்கேன். நீ போனா நான் முன்னாடியே போயிடுவேன்." அந்த ஒரு அழுகைக்காக அவங்க உயிரோட இருந்தாங்க.

அந்தத் தம்பிதான் பின்னாடி அப்பர் பெருமான். இடையில அக்காவை விட்டு வேற சமயத்துக்குப் போயிட்டார், திருப்பாதிரிப்புலியூர்ல பெரிய தலைவராவும் ஆனார். திலகவதியார் திருவதிகைக் கோயில்ல பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்து, தம்பிக்காக வேண்டிக்கிட்டே இருந்தாங்க. சூலை நோய் வந்து வயித்துவலியில துடிச்சப்போ, எந்த மருந்துக்கும் அடங்காதப்போ, அவருக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு ஆள்தான். ராத்திரியோட ராத்திரியா அக்கா வாசல்ல வந்து விழுந்தார். "நான் அப்பவே சொன்னேனே"ன்னு அக்கா கேக்கல. எடுத்து நிறுத்தி, திருநீறு கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க நின்னு பாடினதுதான் தேவாரத்துக்கு அப்பர் தந்த முதல் பதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அன்னிக்கு அந்தப் பெண் துக்கத்துல உயிரை விட்டிருந்தா, அப்பர் நமக்குக் கிடைச்சிருப்பாரா? துக்கம் போன பிறகு அவங்க வாழ ஆரம்பிக்கல. துக்கத்தோடதான் வாழ்ந்தாங்க. அந்தத் துக்கமே இன்னொருத்தருக்குத் திருநீறு எடுத்துக் கொடுக்கிற கையா மாறிச்சு.

நம்ம சாமியும் அதைத்தான் செஞ்சான். சூரபத்மன் மாமரமா நின்னப்போ முருகன் பிளந்தான், ஆனா அழிக்கல. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். எது எதிர்ல நின்னு மிரட்டிச்சோ அது மேலயே ஏறி அடுத்த அடியார் வீட்டுக்குப் போனான். அந்த மலையூர் அக்காவோட துக்கத்து மேல ஏறித்தான் முருகன் எங்க வீட்டுக்கு வந்தான்னு அடியேன் நம்பறேன்.

*ஆறு முகத்துக்கு ஆறு வேலை*

பேசிட்டு மட்டும் போகக்கூடாது. கஷ்டத்துல இருக்கிற அடியாருக்கு நாம செய்ய வேண்டியதை ஆறா சொல்றேன். பிடிச்சதுல ஒண்ணையாவது இந்த வாரம் செய்யுங்க.

ஒண்ணு, பேர் சொல்லிப் படிங்க. கும்பிடற கை படத்தைப் போட்டுட்டு நகர்ந்து போறது ரொம்ப சுலபம். அதுக்குப் பதிலா "இன்னிக்குச் சாயங்காலம் உங்க அம்மா பேரைச் சொல்லி அஞ்சு பாட்டு படிச்சேன்"னு ஒரு வரி சொல்லுங்க. படுத்திருக்கிறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு படுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு, காரணம் சொல்லாதீங்க. "போன ஜென்மத்து வினை", "குலதெய்வத்தைக் கும்பிடல போல", "நான் சொன்ன பரிகாரம் பண்ணியிருந்தா" இப்படி ஒரு வார்த்தை கூட வேண்டாம். திலகவதியார் கேட்டாங்களா? காரணம் தேடறது அவங்க துக்கத்தைக் குறைக்காது, நம்ம பயத்தைத்தான் குறைக்கும்.

மூணு, வைத்தியத்தை நிறுத்தச் சொல்லாதீங்க. பாம்பன் சுவாமிகள் மயில் காட்சி கண்டது ஆஸ்பத்திரிக் கட்டில்ல. முருகனோட வேல் டாக்டர் கையிலயும் இருக்கும். திருநீறும் பூசுங்க, மாத்திரையும் நேரத்துக்குக் கொடுங்க.

நாலு, பார்த்துக்கிறவங்களையும் பாருங்க. நோயாளியை விசாரிக்க பத்து பேர் இருப்பாங்க. பக்கத்துல முழிச்சுக்கிட்டு இருக்கிற மகளையோ மனைவியையோ "நீங்க சாப்பிட்டீங்களா"ன்னு கேக்க ஆள் இருக்காது. முடிஞ்சா ஒரு வேளை சாப்பாடு, ஒரு ராத்திரி துணை. போக முடியாத தூரம்னா ஒரு போன்.

அஞ்சு, பதினாறாம் நாளுக்கு அப்புறம் போங்க. காரியம் முடியற வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள்தான் வீடு காலியாகும். அன்னிக்குப் பேசுங்க. மூணாவது மாசமும் பேசுங்க. முதல் தீபாவளிக்கு மறக்காம பேசுங்க. போனவங்க பேரைச் சொல்லிப் பேசுங்க. பேரைச் சொன்னா அழுவாங்களேன்னு பயப்படாதீங்க. அவங்க பேரைக் கேக்கறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க.

ஆறு, நம்ம கை எட்டாத இடத்துல வேற கையைக் கூப்பிடுங்க. "இனிமே வாழ வேண்டாம்"னு யாராவது சொன்னா அதைச் சும்மா பேச்சுன்னு விடாதீங்க. தமிழ்நாட்டுல 104க்கும், நாடு முழுக்க 14416க்கும் போன் பண்ணலாம், மனநல ஆலோசனை இலவசம். அவங்க போன் பண்ணத் தயங்கினா நீங்க பக்கத்துல உட்கார்ந்து பண்ணிக் கொடுங்க. இன்னொண்ணு, ஒருத்தர் நோயை நம்பிச் சொன்னா அது உங்ககிட்டயே இருக்கட்டும். அவங்க போட்டோவையும் ரிப்போர்ட்டையும் அவங்களைக் கேக்காம நாலு இடத்துக்கு அனுப்பாதீங்க.

*இன்னிக்குச் சாயங்காலம்*

இதைப் படிக்கிறவங்கள்ல சில பேர் இப்போ ஏதோ ஒரு கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பீங்க. சில பேர் மாலை போட்ட படத்துக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க. உங்களால இன்னிக்குச் சாமி கும்பிட முடியலன்னா பரவாயில்லை. கும்பிட வேண்டாம். சும்மா இருங்க. உங்க பங்கையும் சேர்த்து நாங்க கும்பிடறோம்.

மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு ஏத்தும்போது, நோயில இருக்கிற ஒருத்தர் பேரையும் துக்கத்துல இருக்கிற ஒருத்தர் பேரையும் வாய்விட்டுச் சொல்லிட்டுச் சண்முக கவசத்தை ஆரம்பிங்க. முப்பதும் படிக்க நேரம் இல்லைன்னா மூணு படிங்க. முடிச்சதும் அவங்களுக்குத் தெரியப்படுத்துங்க.

முருகா, படுக்கையில இருக்கிறவங்களுக்கு வலியைக் குறை. பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெம்பைக் கொடு. போனவங்களை உன் காலடியில வெச்சுக்கோ. இருக்கிறவங்களை ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா வை. ஆறு பிள்ளையை ஒண்ணா சேர்த்த அந்த அணைப்புல எங்க எல்லாரையும் சேர்த்துக்கோ.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!